தீராத அரிப்பும் நம் அவசரமும்

நள்ளிரவு தாண்டி வீடு அடங்கிய பிறகு ஓர் ஓசை எழும். பின்னங்கால் ஒன்று தரையில் சீராகத் தட்டும் ஓசை. கூடவே கழுத்துப் பட்டையின் வளையம் கலகலக்கும் ஓசை. சற்று நேரம் அடங்கும். பிறகு பாதத்தை நாக்கு நக்கும் ஈரமான ஒலி, கால் மணி நேரம் விடாமல் தொடரும். தோல் ஒவ்வாமை கொண்ட நாயை வளர்ப்பவர்கள் எவருக்கும் இவ்வோசைகள் பழக்கமானவை. இருட்டில் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது இரக்கத்தைவிட எரிச்சலே முதலில் வருகிறது என்பதையும் அவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. தமிழ்நாட்டில் நாய்க்கு மணி என்று பெயர் வைப்பதில் கற்பனை ஏதும் இல்லை. பெயரளவிலாவது இந்த லாப்ரடார் நம் ஊர் நாயாக இருக்கட்டும் என்று நினைத்தோம். ஒன்றரை வயது வரை அதன் உடலில் குறை ஏதும் தெரியவில்லை. பிறகு பாதங்களை நக்கத் தொடங்கியது. பின் காதுகள் சிவந்தன; அக்குளிலும் அடிவயிற்றிலும் முடி உதிர்ந்து தோல் கருத்துத் தடித்தது. புளித்த வாடை ஒன்று வீட்டில் நிரந்தரமாகக் குடியேறியது. வந்த உறவினர் ஒருவர் காலைத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டு, "என்னங்க, சொறிநாய் மாதிரி ஆயிடுச்சே!" என்றார்.

அந்தச் சொல்லைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். சங்கச் செய்யுளில் ஞமலி என்று நாய்க்கு அழகிய பெயர் உண்டு. ஆனால் பேச்சுத் தமிழில் மனிதனைத் தாழ்த்த நமக்கு முதலில் கிடைக்கும் சொற்களுள் ஒன்று சொறிநாய். ஒரு நோயின் பெயரே வசையாகிவிட்டது. வசையானபின் அது நோய் என்பது நமக்கு மறந்துபோகிறது. அரிக்கும் நாய் நமக்கு நோயாளியாகத் தெரிவதில்லை. அசுத்தமானது, விலக்கத்தக்கது என்றே தெரிகிறது. தெருநாயாக இருந்தால் கல்லால் அடிக்கிறோம். கொஞ்சம் இரக்கம் உள்ளவர்கள் வண்டிப் பட்டறையில் பழைய எஞ்சின் எண்ணெயை வாங்கிவந்து அதன் மேல் பூசுகிறார்கள். நாய் அதை நக்குகிறது. நஞ்சு உள்ளே போகிறது. இரக்கமும் அறியாமையும் கைகோத்தால் விளைவது இதுதான்.

இச்சொல் இன்னொரு தீங்கும் செய்கிறது. முற்றிலும் வேறுபட்ட பல நோய்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. சார்கோப்டிஸ் என்னும் நுண்ணிய பூச்சி தோலைத் துளைத்து வாழ்வதால் வரும் சொறி தொற்றக்கூடியது; மனிதருக்கும் சில நாள் அரிப்பைத் தரும். ஆனால் அதற்கு முழுமையான சிகிச்சை உண்டு. டெமோடெக்ஸ் என்னும் வேறொரு பூச்சி எல்லா நாய்களின் மயிர்க்கால்களிலும் சிறிதளவு இருப்பது, எதிர்ப்பாற்றல் தளரும்போது பெருகி முடியை உதிர்க்கும், மனிதருக்குத் தொற்றாது. அதற்கும் இன்று நல்ல மருந்துகள் உள்ளன. ஒவ்வாமையோ எவருக்கும் தொற்றாது. ஆனால் அறவே தீர்வதும் அரிது. தொற்றக்கூடியதும் தீரக்கூடியதுமான ஒன்றையும், தொற்றாததும் தீராததுமான ஒன்றையும் ஒரே சொல்லால் அழைக்கும்போது, முன்னதற்கு உரிய அச்சத்தையும் அவசரத்தையும் பின்னதன் மேல் சுமத்திவிடுகிறோம். எங்கள் வீட்டில் இரண்டாண்டுகள் நடந்தது இந்தப் பிழைதான்.

அவ்விரண்டாண்டுகளின் கதை சுருக்கமானது. மருத்துவரிடம் போவோம். "அரிப்பு தாங்கலைங்க டாக்டர், ஏதாவது ஊசி போட்டுவிடுங்க" என்போம். ஊசி போடுவார். மறுநாளே அரிப்பு நின்றுவிடும். மூன்று வாரம் வீடு நிம்மதியாகத் தூங்கும். நான்காம் வாரம் அந்தக் கால் மீண்டும் தரையைத் தட்டத் தொடங்கும். இந்த மருத்துவருக்குக் கைராசி இல்லை என்று வேறொருவரிடம் போவோம். அவரிடமும் அதையே கேட்போம். அவரும் அதையே போடுவார். மருத்துவர்களைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை. கேட்டது நாம், தராவிட்டால் வேறிடம் போயிருப்பவர்களும் நாம்.

அந்த ஊசி ஸ்டீராய்டு. அது பொய் மருந்தன்று. தேவையான அளவில், தேவையான நாள்கள் மட்டும், படிப்படியாகக் குறைத்துக் கொடுத்தால் மிகப் பயனுள்ளது, விலையும் குறைவு. ஆனால் மாதந்தோறும் கணக்கின்றி உடலில் ஏறினால் நிலைமை வேறு. மணி வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தது. கூடத்திலேயே சிறுநீர் கழித்தது. எவ்வளவு உண்டாலும் பசி அடங்கவில்லை. தசை கரைந்து வயிறு தொங்கியது. தோல் மெலிந்ததால் புண்கள் எளிதில் வந்தன. நோய்க்காகக் கொடுத்த மருந்தே இரண்டாவது நோயாகிக்கொண்டிருந்தது. பல மாதம் கொடுத்த பிறகு அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. உடல் தானாகச் சுரக்க வேண்டியதை அதற்குள் மறந்திருக்கும்.

கடைசியாக நாங்கள் போன மருத்துவர் ஊசி போடவில்லை. முக்கால் மணி நேரம் கேள்விகள் கேட்டார். எந்த வயதில் தொடங்கியது, எந்த மாதத்தில் அதிகம், என்ன உணவு, எங்கே படுக்கிறது, முதலில் புண் வந்ததா அரிப்பு வந்ததா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "இதைக் குணப்படுத்த முடியாதுங்க. ஆனா இதோட நல்லா வாழவைக்க முடியும்" என்றார். எங்களுக்குக் கோபமே வந்தது. குணப்படுத்த முடியாது என்று சொல்வதற்கா கட்டணம்? இன்று யோசித்தால், அத்தனை மருத்துவர்களிடமும் சேர்த்து எங்களுக்குக் கிடைத்த மிக மதிப்புள்ள வாக்கியம் அதுதான்.

அவர் கற்பித்தது ஒரு வரிசை. அரிப்புள்ள நாயைப் பார்த்ததும் ஒவ்வாமை என்று பெயர் சூட்டிவிடக் கூடாது. முதலில் ஒட்டுண்ணிகளை விலக்க வேண்டும். தெள்ளுப்பூச்சியின் உமிழ்நீருக்கு ஒவ்வாமை கொண்ட நாய்க்குச் சில கடிகளே நாள்கணக்கில் அரிப்பைத் தரும். நம் வெப்பமான ஊர்களில் தெள்ளுக்கு விடுமுறைக் காலம் கிடையாது. நாயின் மேல் காணும் தெள்ளுகள் சிறு பகுதியே. முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமாகப் பெரும்பகுதி தரை இடுக்கிலும் விரிப்பிலும் இருக்கும். ஆகவே ஆண்டு முழுவதும் தடுப்பு மருந்து வேண்டும். வீட்டில் பல நாய்கள் இருந்தால் எல்லாவற்றுக்கும் வேண்டும்; வீட்டையும் துப்புரவாக்க வேண்டும். அடுத்தது, அரிப்பின் மேல் குடியேறிய தொற்றுகள். ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவும் மலசீசியா என்னும் ஈஸ்டும் சொறிந்து சிதைந்த தோலில் பெருகும். எங்கள் வீட்டில் வீசிய புளித்த வாடை அந்த ஈஸ்டுக்குரியது. அவற்றை அடக்காமல் எந்த விலையுயர்ந்த மருந்து கொடுத்தாலும் அரிப்பு முழுதாகக் குறையாது.

மூன்றாவது படி உணவு. இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் தோற்கின்றன. உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை நம்பத்தக்கதன்று; முடியையோ உமிழ்நீரையோ அனுப்பிச் செய்யும் பரிசோதனைகளும் அப்படியே. நம்பத்தக்க வழி ஒன்றுதான்: நாய் இதுவரை உண்ணாத புரதம் ஒன்றையோ, ஒவ்வாமையைத் தூண்டாத அளவுக்குச் சிறு துண்டுகளாகப் பகுக்கப்பட்ட புரதம் கொண்ட மருத்துவ உணவையோ மட்டும் குறைந்தது எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது. அரிப்பு குறைந்தால் பழைய உணவை மீண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். சில நாள்களில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில் அரிப்பு திரும்பினால் காரணம் உறுதி. நாய்களுக்கு ஒவ்வாமை தரும் உணவுகளின் பட்டியலில் மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை ஆகியவை முன்னிற்கின்றன. தயிர்சோறும் கோழிக்கறியும் பிஸ்கட்டுமே நம் வீட்டு நாய்களின் வழக்கமான உணவு என்பதை இதனுடன் சேர்த்துப் பார்த்தால் சோதனையின் கடினம் விளங்கும்.

எட்டு வாரம் என்பது சொல்வதற்குச் சிறிது. ஆறாம் வாரத்தில் அம்மாவின் முந்தானை மறைவில் பிஸ்கட் ஒன்று கைமாறியதைக் கண்டுபிடித்தோம். "ஏம்மா, டாக்டர் எவ்வளவு சொன்னாரு?" என்று கேட்டபோது, "ஒரே ஒரு பிஸ்கட்டுல என்னடா ஆயிடப்போவுது, பாவம், வாயில்லாத ஜீவன், பார்த்துக்கிட்டே இருக்கு" என்றார். அந்தப் பிஸ்கட்டில் கோதுமையும் பாலும் இருந்தன. கணக்கை முதல் நாளிலிருந்து மீண்டும் தொடங்கினோம். வாயில்லாத ஜீவன் என்ற அந்தச் சொல்லை நாங்கள் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. அதற்கு வாய் இல்லை என்பதனாலேயே நம் இரக்கம் ஒழுங்குடையதாக இருக்க வேண்டியிருக்கிறது. அள்ளிக் கொடுக்கும் அன்பு எளிது. கொடுக்காமல் இருக்கும் அன்பை நாம் அன்பென்றே எண்ணுவதில்லை.

மணியின் அரிப்பு உணவால் குறையவில்லை. ஒட்டுண்ணி இல்லை, தொற்று அடங்கிவிட்டது, உணவும் காரணமன்று என்று ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு எஞ்சியது அட்டோபி எனப்படும் பரம்பரைச் சாய்வுள்ள ஒவ்வாமை. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தொடங்குவது. வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள், மகரந்தம், பூஞ்சை வித்துகள் போன்றவற்றுக்கு உடல் காட்டும் மிகையான எதிர்வினை. லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், புல்டாக், பக் முதலிய இனங்களில் அதிகம். இவ்வினங்களை நாம் ஆசைப்பட்டு வாங்குகிறோம். ஒரு சாயல் மாறாமல் வேண்டுமென்று தலைமுறை தலைமுறையாக நெருங்கிய இரத்தத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யவைத்தவர்கள் மனிதர்கள்தாம். அதன் கூலியை நாயின் தோல் கொடுக்கிறது.

ஒவ்வாமை இயலின் வரலாற்றிலும் நாய்க்கு நாம் பட்ட கடன் ஒன்று உண்டு. 1902இல் பிரான்சில் சார்ல் ரிஷேயும் பால் போர்த்தியேவும் கடல் சாமந்தியின் நஞ்சைச் சிறிதளவு நாய்களுக்குச் செலுத்தினர். பழக்கினால் நஞ்சைத் தாங்கும் ஆற்றல் வரும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு. முதல் முறை தாங்கிய நாய், சில வாரம் கழித்து அதே சிற்றளவை மீண்டும் பெற்றதும் நிமிடக்கணக்கில் மூச்சுத்திணறி மாண்டது. காக்க வேண்டிய உடலே தன்னைத் தாக்கிக்கொள்ளும் இந்நிலைக்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயரிட்டார்கள். ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார். ஒவ்வாமைக்கான அலர்ஜி என்ற சொல்லை கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கே உருவாக்கியது 1906இல். ஆக, சொல் பிறப்பதற்கு முன்பே அப்பொருள் ஒரு நாயின் உடலில் நிகழ்ந்து காட்டப்பட்டுவிட்டது. மனிதரின் ஒவ்வாமையைப் புரிந்துகொள்ள நாய் உயிர் கொடுத்தது. நாயின் ஒவ்வாமைக்கு நாம் எட்டு வாரம் கொடுக்கத் தயங்குகிறோம்.

இன்று மருந்துகளுக்குக் குறைவில்லை. அரிப்பு என்னும் உணர்வை நரம்புக்குக் கொண்டுசெல்லும் இன்டர்லூகின் 31 என்ற தூது மூலக்கூறு அடையாளம் காணப்பட்ட பின் நிலைமை பெரிதும் மாறியது. அதன் வேலையைத் தடுக்கும் ஒக்லாசிடினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2013இல் ஒப்புதல் கிடைத்தது. ஒரு வயதுக்குட்பட்ட நாய்களுக்கும் கடும் தொற்றுள்ளவற்றுக்கும் அது ஆகாது. அம்மூலக்கூறையே நேரடியாகப் பிடித்து முடக்கும் லோகிவெட்மாப் ஊசியை ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் ஏற்றது. மனிதரின் அட்டோபித் தோலழற்சிக்கு அதே வழியை மறிக்கும் நெமோலிசுமாப் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 2024இல்தான். இவ்வகையில் நாய்கள் நம்மை முந்திக்கொண்டன என்பதில் ஒரு சிறு நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. மெதுவாக வேலைசெய்யும் சைக்ளோஸ்போரின் உண்டு. ஒவ்வாத பொருளையே சிறுகச் சிறுகக் கொடுத்து உடலைப் பழக்கும் முறை மனிதருக்கு 1911இல் லியோனார்ட் நூன் தொடங்கிவைத்தது. நாய்களிலும் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குப் பயன் தருகிறது. ஆனால் பலன் தெரிய ஓராண்டு வரை ஆகலாம். இவற்றுள் எதை, எந்த அளவில் என்பது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது; விலை எல்லோருக்கும் எட்டுவதுமில்லை. நாம் சொல்ல வருவது வேறு: இவற்றுள் எதுவும் ஒரு தடவை போட்டு மறந்துவிடும் மருந்தன்று.

எஞ்சியதெல்லாம் வீட்டு வேலை. வாரம் ஒருமுறை குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்பூவில் குளியல். நுரையைப் பத்து நிமிடம் தோலில் ஊறவிட்டுக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். அந்தப் பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஈரநாயுடன் குளியலறையில் உட்கார்ந்திருப்பது ஒரு தவம். மனிதருக்கான சோப்பு ஆகாது. நாயின் தோலின் தன்மை வேறு. வெளியே போய் வந்ததும் பாதங்களைத் துடைத்து விரலிடுக்கை உலரவைக்க வேண்டும். காதுகளை வாரந்தோறும் பார்க்க வேண்டும். படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைக்க வேண்டும். கூடவே ஒரு குறிப்பேடு. அரிப்பே இல்லையெனில் சுழியம், தாங்கவே முடியாதெனில் பத்து என்று அளவிடும் முறை மருத்துவர்களிடம் உண்டு. ஞாயிறுதோறும் ஓர் எண் எழுதுகிறோம். எங்கள் ஏட்டில் ஐப்பசியின் ஈரத்தில் ஏழும் எட்டுமாக ஏறியிருக்கிறது. மாசியில் இரண்டுக்கு இறங்கியிருக்கிறது. நினைவு நேற்றைய இரவை மட்டுமே வைத்துத் தீர்ப்பளிக்கும். ஏடு முழு ஆண்டையும் காட்டும். சுழியம் என்ற எண்ணை அதில் நாங்கள் ஒருமுறையும் எழுதியதில்லை. இப்போது அதை எதிர்பார்ப்பதும் இல்லை.

மனிதர்களுக்கே மருந்து எட்டாத நாட்டில் ஒரு நாயின் தோலுக்கு இத்தனை பாடா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. நாயை வளர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. செலவும் நேரமும் இயலாதவர்கள் வளர்க்காமல் இருப்பதே அறம். ஆனால் விலை கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்த உயிரை, முடி கொட்டி வாடை வீசத் தொடங்கியதும் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டு வருபவர்கள், ஏழைகளை நினைத்து அதைச் செய்வதில்லை. காப்பகங்களின் வாசலில் கட்டிப்போடப்பட்டிருக்கும் உயர்சாதி நாய்களின் தோலைப் பார்த்தால் இது விளங்கும். நாய்க்குட்டி வாங்கும் நாளில் அதன் தாய் தந்தையின் தோலையும் காதையும் பார்க்க வேண்டும் என்று நமக்கு எவரும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை, நிறத்தை மட்டுமே பார்த்தோம்.

மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஜனமேஜயனின் வேள்விச் சாலைக்குள் வந்த நாய்க்குட்டியை அவன் தம்பியர் அடித்துத் துரத்துகிறார்கள். அது தாய் சரமையிடம் சென்று அழுகிறது. நீ ஏதாவது தவறு செய்திருப்பாய் என்கிறாள் தாய். அவிப்பொருளை நான் பார்க்கவும் இல்லை, நக்கவும் இல்லை என்கிறது குட்டி. சரமை நேரே வேள்விச் சாலைக்கு வந்து, குற்றம் செய்யாத என் பிள்ளையை ஏன் அடித்தீர்கள் என்று கேட்கிறாள். அவர்களிடம் பதில் இல்லை.

"நக்காதே!", "சொறியாதே!" என்று இரவில் எத்தனை முறை மணியை அதட்டியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கிறோம். அதட்டினால் நிறுத்திவிட்டுக் குற்றவாளியைப் போலப் பார்க்கும். இரண்டு நிமிடத்தில் மீண்டும் தொடங்கும். அது சேட்டை அன்று, நோய் என்று புரிந்துகொள்ள நமக்கு இரண்டாண்டுகளும் பல ஊசிகளும் தேவைப்பட்டன. தீராத நோய் நோயாளியைவிட உடனிருப்பவரையே அதிகம் சோதிக்கிறது. தீர்த்துவைத்த பெருமை அதில் நமக்குக் கிடைக்காது. நாளையும் அதே பாதத்தைத் துடைக்க வேண்டியிருக்கும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த இரவிலும் அந்தக் கால் தரையைத் தட்டுகிறது. முன்போல் கால் மணி நேரம் அன்று, சில நொடிகள்தாம். ஞாயிற்றுக்கிழமை ஏட்டில் மூன்று என்று எழுதுவோம்.